தொழிலைக் கேட்ட வைத்தியர்

நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்க்கும் வைத்தியர் அவரிடம் பல கேள்விகளைக் கேட்கிறார். நோவு எங்கே, எத்தனை நாளாக, உண்டது என்ன, உறக்கம் எப்படி என்றெல்லாம் விசாரிக்கிறார். கிரேக்க நாட்டு ஹிப்போகிறட்டீஸ் வகுத்துத் தந்த முறை இது. ஆயினும் அந்த முறையிலே ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. நோயாளி செய்யும் தொழில் யாது என்று கேட்க வேண்டுமென எவரும் விதியாக எழுதி வைக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் அக்கேள்வியைச் சேர்த்து, அதனை ஒவ்வொரு வைத்தியரும் கேட்டே ஆக வேண்டுமென்று வற்புறுத்தியவர் பெர்னார்டினோ ரமாட்சினி என்ற இத்தாலியர். அவருடைய சரித்திரத்தையே இங்கு எழுத முற்படுகிறேன்.

அரசர்களையும் படைத்தலைவர்களையும் பற்றிய வரலாறுகள் நம்மிடையே ஏராளம். ஆராய்ச்சிக்கூடத்தில் அமர்ந்து உலகை மாற்றிய விஞ்ஞானிகளைப் பற்றியும் மாணவர்கள் படிக்கிறார்கள். ஆனால், குயவனின் சூளையருகிலும் கல்தச்சனின் பட்டறையிலும் மலக்குழியின் விளிம்பிலும் நின்று ஒரு சாத்திரத்தைக் கண்டெடுத்தவரைப் பற்றி நம் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. அக்குறை சிறிதேனும் நீங்க வேண்டுமென்பது என் விருப்பம்.

ரமாட்சினி 1633 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆம் திகதி வட இத்தாலியில் மொடெனாவுக்கு அருகிலுள்ள கார்ப்பி என்னும் சிறு நகரில் பிறந்தார். 1630 ஆம் ஆண்டில் வட இத்தாலியைச் சூறையாடிய கொள்ளைநோயின் வடு ஆறாத காலம் அது. கார்ப்பியில் இயேசு சபையாரிடம் கல்வி கற்ற பின், பார்மா நகரப் பல்கலைக்கழகத்தில் முதலில் தத்துவத்தையும் பின்னர் வைத்தியத்தையும் பயின்று, 1659 ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். அதன் பின்பு உரோமாபுரிக்குச் சென்று அனுபவமிக்க ஒரு வைத்தியரின் கீழ்ச் சில காலம் பழகினார். உரோமாபுரிக்கு வடக்கேயுள்ள கனினோ, மார்த்தா ஆகிய சிற்றூர்களின் வைத்தியராக நியமனமும் கிடைத்தது. சதுப்பு நிலங்கள் சூழ்ந்த அப்பிரதேசத்தில் மலேரியாக் காய்ச்சல் குடிகொண்டிருந்தது. பிறருக்கு மருந்து கொடுக்கப் போனவரை அக்காய்ச்சலே பற்றிக்கொண்டது. உடல் நலிந்து சொந்த ஊருக்குத் திரும்பினார். தொழில் செய்யும் இடமே ஒருவனுக்கு நோயைக் கொடுக்க வல்லது என்பதை அவர் நூல்களிலே கற்கு முன்னர்த் தம் தேகத்திலேயே கற்றுக்கொண்டார் என்று நான் எண்ணுகிறேன்.

கார்ப்பியில் சில ஆண்டுகள் வைத்தியம் பார்த்துவிட்டு, 1671 ஆம் ஆண்டில் மொடெனாவுக்குக் குடிபெயர்ந்தார். எஸ்தே வமிசத்துப் பிரபுக்களின் தலைநகர் அது. பெரிய நகரில் புதிதாக வந்த வைத்தியருக்குப் போட்டியும் பொறாமையும் காத்திருந்தன. பிரபுகுலப் பெண்ணொருத்தியின் மரணத்தையொட்டிப் புளோரன்ஸ் நகர வைத்தியர் ஒருவருடன் அவருக்கு நேர்ந்த வாக்குவாதம் துண்டுப்பிரசுரங்களாக வெளிவந்து பலகாலம் நீடித்தது. ஆயினும் அவருடைய கல்வியை அரண்மனை அறிந்திருந்தது. 1682 ஆம் ஆண்டில் மொடெனாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பேராசிரியர் பதவி அவருக்கு வழங்கப்பட்டது.

ரமாட்சினியின் கண் எதையும் அலட்சியம் செய்யாத கண். 1690 ஆம் ஆண்டில் மழை மிகுந்து, பயிர்களைத் துருநோய் தாக்கி, கிராமங்களிலே காய்ச்சல் பரவியபோது, வானிலையையும் விளைச்சலையும் நோயையும் ஒன்றோடொன்று இணைத்து ஆராய்ந்து எழுதினார். மொடெனா நகரின் கிணறுகள் அவரை வியக்க வைத்தன. குறிப்பிட்ட ஆழம்வரை தோண்டிய பின் துறப்பணத்தால் துளையிட்டால் நீர் தானாகவே பீறிட்டு மேலெழும். அதன் காரணத்தை ஆராய்ந்து 1691 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவியைக் கொண்டு நாள்தோறும் குறிப்பெடுத்தார். அது தொடர்பாக ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்சுடன் கருத்துப் பரிமாற்றம் செய்தார். காய்ச்சலுக்கு மருந்தான சிங்கோனாப் பட்டையைக் கண்டபடி கொடுக்கலாகாது என்று எச்சரித்தும் எழுதினார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்த பின், தேயிலை நிலைபெறுமுன், நமது மலைநாட்டிலே சில ஆண்டுகள் பயிரிடப்பட்டதும் இதே சிங்கோனாதான்.

இத்தகைய ஒருவரின் வாழ்வை வேறொரு திசையில் திருப்பிவிட்டது ஒரு சாதாரண சம்பவம். மொடெனாவில் வீடுகள் நெருங்கியும் உயர்ந்தும் கட்டப்பட்டிருந்தன. மூன்றாண்டுக்கு ஒருமுறை மலக்குழிகளைத் துப்புரவு செய்விப்பது வழக்கம். ரமாட்சினியின் வீட்டிலும் அப்பணி நடந்தது. குழிக்குள் இறங்கிய தொழிலாளி ஒருவன் மிகுந்த அவசரத்துடன், ஏதோ பயத்தினால் துரத்தப்படுபவன் போல, வேலை செய்துகொண்டிருந்தான். அதைக் கண்ட பேராசிரியர் மனமிரங்கி, இவ்வளவு விரைந்து உடலை வருத்துவானேன், ஆறுதலாகச் செய்யலாகாதா என்று கேட்டார். அவன் தலைநிமிர்ந்து பார்த்தான். நான்கு மணி நேரத்துக்கு மேல் இதற்குள் நிற்பவன் என்ன விலை கொடுக்க வேண்டுமென்பது அனுபவித்தவனுக்கன்றிப் பிறருக்கு விளங்காது என்றும், கண்ணே போய்விடும் என்றும் சொன்னான்.

அவன் மேலே ஏறி வந்ததும் ரமாட்சினி அவனுடைய கண்களைச் சோதித்தார். அவை சிவந்து, ஒளி மங்கியிருந்தன. இதற்கு நீங்கள் என்ன பரிகாரம் செய்வீர்களென்று விசாரித்தார். வீடு சென்று இருட்டறையில் அடைந்து கிடந்து, இளஞ்சூட்டு நீரால் கண்ணைக் கழுவுவோம் என்ற விடை கிடைத்தது. பின்னர் அவர் நகரிலே பிச்சையெடுக்கும் குருடர்களைக் கவனித்தார். இத்தொழிலைச் செய்து பார்வை இழந்தோர் அவர்களுள் இருக்கக் கண்டார். அக்குழிகளில் உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு கண்ணை அரிக்குமென்பதும், அளவு மிகுந்தால் உயிரையே கொல்லுமென்பதும் இன்று நமக்குத் தெரியும். அந்த வாயுவின் பெயர் ரமாட்சினிக்குத் தெரியாது. ஆனால், நோயின் காரணம் அம்மனிதனின் பிறப்பிலோ விதியிலோ இல்லை, அவன் நிற்கும் குழியிலேதான் இருக்கிறது என்பது அவருக்கு ஐயமறத் தெரிந்துவிட்டது.

அன்று முதல் அவர் பட்டறை பட்டறையாக நுழையத் தொடங்கினார். அக்காலத்துப் பேராசிரியர்கள் நீண்ட அங்கி தரித்து இலத்தீன் மொழியில் விரிவுரை செய்பவர்கள். கைத்தொழிலாளரின் கூடத்துக்குள் கால் வைப்பது அவர்களின் கௌரவத்துக்குக் குறைவு. ரமாட்சினி அதற்கு வெட்கப்படவில்லை. ஏழையின் வீட்டுக்குப் போகும் வைத்தியர் அவசரப்படாமல், மெத்தை நாற்காலி இல்லையாயின் முக்காலியிலேனும் அமர்ந்து, நோயாளியின் முகம் பார்த்துப் பேச வேண்டுமென்று அவர் போதித்தார். தொழிலாளரின் நலன் கருதிச் சட்ட நூலார் சில ஏற்பாடுகள் செய்திருக்கும்போது வைத்திய நூலார் வாளாவிருப்பது நீதியாகாது என்பது அவர் வாதம்.

இந்த உழைப்பின் பலன் 1700 ஆம் ஆண்டில் மொடெனாவிலே இலத்தீன் நூலாக வெளிவந்தது. தொழிலாளரின் நோய்களைப் பற்றிய அந்நூல் 1705 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. 1713 ஆம் ஆண்டில் மேலும் 12 தொழில்களைச் சேர்த்து இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர், முலாம் பூசுவோர், குயவர், கண்ணாடி செய்வோர், சித்திரகாரர், கல்தச்சர், நெசவாளர், வெதுப்பகத்தார், சலவைப் பெண்கள், மருத்துவிச்சிகள், உழவர், மீன்பிடிகாரர், கன்னியர், படைவீரர் என ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலினர் அதில் வருகின்றனர். 1940 ஆம் ஆண்டில் சிக்காகோவிலே வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகவே நான் அதனை அறிந்தேன். இவ்வளவு பழைய வைத்திய நூலொன்று இத்துணை சுவையாக இருக்குமென்று நான் எதிர்பார்த்ததில்லை.

குயவர்களைப் பற்றி அவர் எழுதியதைப் பார்ப்போம். பாண்டங்களுக்கு மெருகூட்ட ஈயத்தை அரைத்துப் பூசுவார்கள். முதலில் கை நடுங்கும், பின் கை விழுந்துவிடும், பற்கள் உதிரும், முகம் ஈயத்தின் நிறத்தையே அடையும். வெனிஸ் நகரையடுத்த முரானோத் தீவிலே முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பாதரசம் பூசுவோரின் துன்பத்தையும் கூறுகிறார். தாம் செய்த கண்ணாடியிலேயே தமது அழிவை அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள் என்னும் அவருடைய கருத்து படிப்போர் மனத்தை விட்டு அகலாது. கல்தச்சர் சுவாசிக்கும் கூரிய துகள்கள் நெஞ்சிலே தங்கி இழுப்பையும் சயத்தையும் உண்டாக்குகின்றன என்றார். வெனிஸில் செம்பு தட்டுவோர் கூடி வாழும் பகுதியில் ஓயாத ஓசையால் அவர்கள் செவிடாவதையும் குறித்தார். திருமணம் செய்யாத கன்னியரிடையே மார்புப் புற்றுநோய் மிகுதி என்ற அவருடைய அவதானிப்பையும் இன்றைய விஞ்ஞானம் ஒப்புக்கொள்கிறது. பிள்ளைப்பேறும் பாலூட்டலும் அந்நோயின் அபாயத்தைக் குறைக்கின்றன என்று இப்போது அறிகிறோம்.

எழுத்தையும் கல்வியையும் பிழைப்பாகக் கொண்ட நம்மையும் அவர் மறக்கவில்லை. ஓயாது உட்கார்ந்திருத்தல், கையை ஒரே திசையில் இடையறாது அசைத்தல், கணக்குப் பிழைத்துவிடுமோ என்ற மனக்கவலை ஆகிய மூன்றும் எழுதுவினைஞரின் நோய்க்குக் காரணம் என்று வகுத்தார். வாழ்நாள் முழுவதும் எழுதிப் பிழைத்த ஒருவருக்கு வலக்கை முற்றாகச் செயலிழந்தது. அவர் இடக்கையால் எழுதப் பழகினார். சிறிது காலத்தில் இடக்கைக்கும் அதே கதி நேர்ந்தது. இன்று கணினியின் முன்னமர்ந்து மணிக்கட்டு நோவால் வருந்தும் இளைஞர்கள் இச்செய்தியைப் படித்தால் தங்கள் கதையென்றே கொள்வர். அச்சகத்தில் எழுத்துக் கோப்போர், வேலை முடிந்த பின்னரும் எழுத்துகளின் உருவம் கண்ணை விட்டு நீங்காமல் அல்லற்படுவதையும், உரத்துப் பேசிப் பிழைப்போர் குரல் கெட்டு வருந்துவதையும் விவரித்தார். ஆசிரியர்கள் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

யூதர்களைப் பற்றிய அத்தியாயம் தனியே குறிப்பிடத்தக்கது. அவர்களின் உடலில் இயல்பாகவே துர்நாற்றம் உண்டென்று அக்கால ஐரோப்பியர் நம்பினர். ரமாட்சினி அதனை மறுத்தார். நெருக்கடியான குடியிருப்பும் வறுமையுமே அதற்குக் காரணமென்றார். தையலிலும் பழைய மெத்தைகளைப் பிரித்து அடிப்பதிலும் காலங்கழிக்க நேர்ந்தமையால் அவர்களின் கண்ணும் நெஞ்சும் கெடுகின்றன என்று விளக்கினார். ஓர் இனத்தின் மீது சுமத்தப்பட்ட இழிவைத் தொழிலின் மீதும் வறுமையின் மீதும் இறக்கி வைத்த அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். தொழிலைக் கொண்டு பிறப்பை இழித்துப் பேசும் வழக்கம் இத்தாலிக்கு மாத்திரம் உரியதன்று.

ஆயினும் ரமாட்சினியைப் புகழ்ந்துவிட்டு மாத்திரம் நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அவருடைய நூலின் நடுவே பதில் கிடையாத கேள்வியொன்று கிடக்கிறது. அபாயத்தை நீக்கும் பொறுப்பு யாருடையது என்பதே அது.

மலக்குழித் தொழிலாளருக்கு அவர் சொன்ன யோசனை என்ன? ஒளி ஊடுருவும் தோற்பையால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். குழியில் குறைந்த நேரமே நிற்க வேண்டும். பார்வை பலவீனமானவர்கள் வேறு தொழிலைத் தேட வேண்டும். குயவர்களுக்கும் முலாம் பூசுவோருக்கும் அவர் கூறியவை பெரும்பாலும் இவ்வகையினவே. யோசனைகள் நல்லவைதாம். ஆனால், அவை எல்லாம் தொழிலாளியின் தலையிலேயே சுமத்தப்பட்டன. வேறு தொழில் இருந்திருந்தால் அவன் அக்குழிக்குள் இறங்கியிருப்பானா? குழியை அமைத்தவரும் கூலி கொடுப்பவரும் செய்ய வேண்டியது யாது என்பதைப் பற்றி நூல் அதிகம் பேசவில்லை.

ரமாட்சினி இதனை அறியாதவர் அல்லர் என்பதற்கு அந்நூலே சான்று தருகிறது. மொடெனாப் பிரபுவின் ஆட்சிக்குட்பட்ட பினாலே என்ற ஊரில் ஒரு பெரிய இரசாயனத் தொழிற்கூடம் இருந்தது. பாதரச உப்பு அங்கே தயாரிக்கப்பட்டது. அதன் புகையினால் அயலவர் நோயுறுகின்றனரென்றும், கூடத்தை ஊருக்கு வெளியே மாற்ற வேண்டுமென்றும் குடிமகன் ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஊர் வைத்தியரின் சான்றிதழையும், கோவிற்பற்றின் மரணப் பதிவேட்டையும் சாட்சியமாக வைத்தார். கூடத்தைச் சூழ்ந்த பகுதியிலே வேறிடங்களைவிட அதிகமானோர் ஆண்டுதோறும் மாண்டதைப் பதிவேடு காட்டியது. அவர்களிற் பெரும்பாலோர் மெலிவு நோயாலும் நெஞ்சு நோயாலும் இறந்தவர்கள். மரணக் கணக்கைக் கொண்டு ஒரு தொழிற்சாலையின் தீங்கை நிறுவ முயன்ற மிகப் பழைய வழக்குகளுள் இதுவும் ஒன்று. ஆனால், கூடத்து உரிமையாளருக்கும் நாவன்மையுள்ள ஆதரவாளர் இருந்தார். தீர்ப்பு உரிமையாளருக்கே சாதகமாக அமைந்தது. புகை குற்றமற்றதென விடுவிக்கப்பட்டது. அத்தீர்ப்பு சரியா தவறா என்பதை இயற்கை விஞ்ஞானம் அறிந்தோர் ஆராயட்டுமென்று ஒரு வரியில் ஒதுங்கிக்கொள்கிறார் ரமாட்சினி.

அந்த ஒதுங்கலைக் கோழைத்தனமென்று சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரபுவின் சம்பளத்தில் வாழ்ந்த பேராசிரியர் ஒருவர் அந்த வழக்கை விவரமாக எழுதி, மரணப் பதிவேட்டையும் சுட்டிக்காட்டி, உலகறிய அச்சிட்டதே ஒரு மேன்முறையீடு அல்லவா? தீர்ப்பு வழங்கியவர்கள் மறக்கப்பட்டார்கள். தோற்ற வழக்கின் சாட்சியம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாசிக்கப்பட்டு வருகிறது.

நூல் வெளிவந்த அதே 1700 ஆம் ஆண்டில் வெனிஸ் ஆட்சி அவரைப் பாதுவாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தது. 1222 ஆம் ஆண்டில் தோன்றியதும், கலிலியோ கற்பித்ததுமான கலாபீடம் அது. அப்போது ரமாட்சினிக்கு வயது 67. முதுமை அவரைச் சும்மா விடவில்லை. நெஞ்சுப் படபடப்பும் தலைவலியும் வருத்தின. கண்ணொளியும் மெல்ல மங்கியது. கண்ணிழந்த தொழிலாளிக்காகப் பரிந்து எழுதியவர், தம் இறுதிக் காலத்தில் பிறர் படித்துக் காட்டக் கேட்க வேண்டியவரானார். பதவியிலிருந்து ஓய்வு வேண்டினார். வெனிஸ் ஆட்சி விடவில்லை. அந்நிலையிலும் 1710 ஆம் ஆண்டில் அரசர்களின் தேகாரோக்கியத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கூலியாட்களைப் பற்றி எழுதிப் பத்து ஆண்டுகள் சென்ற பின்னரே அரசர்களின் முறை வந்தது என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, மகிழ்ச்சியும் உண்டாகிறது. 1711 ஆம் ஆண்டில் மாடுகளைக் கொன்று குவித்த கொள்ளைநோயைப் பற்றியும் விரிவுரை நிகழ்த்தினார்.

1714 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆம் திகதி, விரிவுரைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், மூளையில் ஏற்பட்ட இரத்தப் பாதிப்பினால் அவர் காலமானார். எண்பத்தொரு வயது நிறைந்திருந்தது. தாம் கற்பித்த தொழிலின் நடுவே விழுந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அவர் விதைத்தது முளைக்க நெடுங்காலம் சென்றது. 1775 ஆம் ஆண்டில் பேர்சிவல் பொட் என்ற ஆங்கில வைத்தியர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு உண்டாகும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணமென்று காட்டினார். 1833 ஆம் ஆண்டில் பிரித்தானியச் சட்டம் தொழிற்சாலைகளுக்குப் பரிசோதகரை நியமித்தது. 1919 இல் சர்வதேசத் தொழில் தாபனம் தோன்றிற்று. நமது நாட்டில் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், காற்றோட்டம், இயந்திரங்களுக்குக் காப்பு, தீயிலிருந்து தப்பும் வழி ஆகியவற்றைத் தொழிற்சாலைகளில் ஏற்படுத்த வேண்டுமென விதித்தது. 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள வேலைச்சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றெனச் சர்வதேசத் தொழில் மாநாடு பிரகடனம் செய்தது. ரமாட்சினி விட்டுச் சென்ற கேள்விக்குச் சட்டம் பதில் கூறிவிட்டது. வேலைத்தலத்தைத் தீங்கற்றதாக வைத்திருப்பது முதற்கண் வேலை கொடுப்பவரின் கடமை. கொடுத்த காப்பைப் பயன்படுத்துவது தொழிலாளியின் கடமை. இரண்டையும் கண்காணிப்பது அரசின் கடமை.

ஆனால், ஏட்டில் எழுதிய பதில் குழிவரை இறங்குவதில்லை. அயல்நாடான இந்தியாவில் மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993 ஆம் ஆண்டிலும் 2013 ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அதன் பின்னரும் கழிவுநீர்க் குழிகளில் நச்சுவாயு தாக்கி மனிதர்கள் மாண்டுகொண்டே இருந்தனர். மொடெனாவில் விரைந்து விரைந்து வேலை செய்த அந்தத் தொழிலாளியின் பயம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ரமாட்சினி புதிய மருந்தொன்றைக் கண்டுபிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியையும் காணவில்லை. எல்லோரும் நாள்தோறும் கண்டும் காணாதிருந்த ஒன்றை நின்று பார்த்தார், பார்த்ததைக் கேட்டார், கேட்டதை எழுதினார். நாம் உடுக்கும் துணிக்கும், வாசிக்கும் புத்தகத்துக்கும், அருந்தும் தேநீருக்கும் கடையிலே ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கிறது. அதில் சேராத இன்னொரு விலையை எவனோ ஒருவன் தன் கண்ணாலும் நெஞ்சாலும் கொடுத்திருக்கக்கூடும். அக்கணக்கையும் பார்க்குமாறு நம்மைப் பழக்கியவர் என்பதற்காகவே அந்த இத்தாலிய வைத்தியரை நான் வணங்குகிறேன்.